மூடி ஒரு ஊர், பெட்டி ஒரு ஊர்

1987 பிப்ரவரி 9, திங்கள்

ராஜபாளையத்திலிருந்து வில்லிபுத்தூர் வந்து சேர்வதற்குள் பஸ்ஸில் சட்டை கசங்கி, செருப்பை நாலு பேர் மிதித்து, கடையைத் திறக்கும்போதே எனக்குக் கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். ஞானபாக்கியத்தைக் கேட்டால், "அது உங்ககூடவே பொறந்தது, அதுக்கு ஆளு எதுக்கு" என்பாள். கட்டிக்கொண்டவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

திங்கள் சரக்கு இறக்கும் நாள். வன்னியம்பட்டி சண்முகத்தாய் தலை தெரியாத அளவுக்கு ஓலைப்பெட்டிக் கட்டோடு வந்து இறங்கினாள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டானாம். "பெட்டிக்குள்ள என்னய்யா இருக்கு, வெறும் காத்து. காத்துக்கு எந்த ஊருல டிக்கெட்டு?" என்றாளாம். பஸ்ஸே சிரித்ததாம். டிக்கெட் வாங்காமலே வந்திருக்கிறாள். சட்டப்படி தப்பு. ஆனால் எனக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

இன்று பெயிண்டரை வைத்து எழுதிய போர்டை மாட்டினேன். "இது தொழிலாளர் சங்கம். இங்கே முதலாளி என்று யாரும் இல்லை." சண்முகத்தாய் எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்தாள். வாசித்து முடித்து என் பக்கம் திரும்பி, "எழுத்து லெச்சணமா இருக்கு மொதலாளி" என்றாள்.

என்ன செய்ய? அப்பா காலத்தில் இது பெட்டி மண்டி. வன்னியம்பட்டியிலும் வத்திராயிருப்பிலும் பெண்கள் முடைந்து வருகிற பெட்டிகளை அவர் சொன்ன விலைக்கு எடுத்து பால்கோவாக் கடைக்கும் மிட்டாய்க் கடைக்கும் போடுவார். அவர் சொன்னதுதான் விலை, அவர் வைத்ததுதான் நேரம். அவர் போன பிறகு நான் மண்டியைச் சங்கமாக்கினேன். விதிகளை உட்கார்ந்து நானே எழுதினேன். முடைகிறவர்கள்தான் உறுப்பினர். உறுப்பினர்தான் தலைவராக வரலாம். அவர்கள் பழகுகிறவரை, தற்காலிகமாக, நான்.

பக்கத்துக் கயிற்றுக் கடை ஹமீது பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குக் கூட்டாளி. அவன் கேட்டான்: "ஏலே பாண்டி, தற்காலிகம்னா எம்புட்டு காலம்லே?"

எல்லாவற்றுக்கும் இவனுக்கு ஒரு கேள்வி.

பிப்ரவரி 21, சனி

போர்டைப் பார்த்துவிட்டு வத்திராயிருப்பு சந்தனம் சிரிசிரி என்று சிரித்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல மொதலாளி."

ஜூன் 18, வியாழன்

ஒரு பால்கோவாக் கடைக்காரருடன் தெருவில் நின்று சண்டை. ஒரு கட்டுப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். வாய் கோணலாம், அடி தரையில் நிற்காமல் ஆடுகிறதாம். "கையால செஞ்சது அப்படித்தான்யா இருக்கும், மெஷினா போட்டுச்சு?" என்று கத்தினேன். அவர் ஒரு பெட்டியை மேஜையில் வைத்துக் காட்டினார். ஆடத்தான் செய்தது. அதற்காக நான் விட்டுக்கொடுத்துவிடுவேனா? கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சங்கத்துக்குக் கொண்டுபோகவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஞானபாக்கியம் வாசலிலேயே இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வெங்காயத்துக்கு ஒண்ணு, பூண்டுக்கு ஒண்ணு, புளிக்கு ஒண்ணு. மருந்து மாத்திரைக்கு ஒண்ணு. இனிமே நம்ம ரெண்டு பேரையும் உள்ள வச்சு மூட வேண்டியதுதான் பாக்கி. அவியகிட்ட, இந்தா திரும்பி வந்துருச்சுன்னு சொன்னா என்ன?"

"மனசு கஷ்டப்படும்."

"யாரு மனசு?"

 விரல் வெடிக்க வெடிக்க முடைந்ததை, நன்றாக இல்லை என்று எந்த வாயால் சொல்வது? அப்பா முகத்துக்கு நேரே எறிவார். கீழே உருண்டு போகும் பெட்டியை அந்தப் பெண்கள் குனிந்து பொறுக்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் காலத்தில் அது நடக்காது. நடக்க விட மாட்டேன்.

பெட்டிக் காசை என் பையிலிருந்து சங்கக் கணக்கில் வைத்துவிட்டு, பின்கட்டு அறையில் அடுக்கிவிட்டேன்.

1988 டிசம்பர் 26, திங்கள்

நேற்றுக் கிறிஸ்துமஸுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் சண்முகத்தாய், சந்தனம், இன்னும் ஒரு கூட்டம், பெரிய பெட்டி நிறையக் கொய்யாப்பழத்தோடு வீட்டுக்கு வந்து நின்றார்கள். நான் வாசலில் வரவேற்றுக்கொண்டிருக்க, ஞானபாக்கியம் பின்கட்டுக்கு ஓடி அந்தப் பெட்டிக் குவியல் மேல் கட்டில் விரிப்பைப் போட்டு மூடினாளாம். பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "உங்களுக்கு வாக்கப்பட்டு நானும் களவாணி ஆயிட்டேன்."

சாப்பிட்டுப் போகும்போது சண்முகத்தாய் ஞானபாக்கியத்திடம் சொன்னாள்: "எங்க மொதலாளி மாதிரி ஒருத்தரு உண்டுமா? இத்தன வருசத்துல ஒரு பெட்டியக்கூட சரியில்லன்னு சொன்னதில்ல."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஞானபாக்கியம் என்னைப் பார்த்தாள். நான் கொய்யாப்பழத்தைப் பார்த்தேன்.

1989 ஆகஸ்ட் 10, வியாழன்

மெட்ராஸிலிருந்து ஆர்டர்! தீபாவளிப் பலகாரம் வைத்துக் கொடுக்க மூடிபோட்ட பெட்டி கேட்கிறார்கள். அவர்கள் பார்த்துப் பிடித்துப்போனது சண்முகத்தாய் கையால் முடைந்த மாதிரிப் பெட்டி. நாம் கடைகளுக்குப் போடுவதெல்லாம் மூடி இல்லாதது. மேலே இலையை வைத்து நாரால் கட்டிவிடுவார்கள். மூடிப்பெட்டி கல்யாணத்துக்கு, சடங்குக்கு என்று ஒன்றிரண்டு செய்வதுதான். இப்போது குவியல் குவியலாக வேண்டும். சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து இவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. இது நன்றாக நடந்தால் வருஷா வருஷம் வரும், கடைக்காரர்கள் காலைப் பிடிக்க வேண்டாம்.

கூட்டம் போட்டோம். அப்போதுதான் சண்முகத்தாய் அந்த யோசனையைச் சொன்னாள். "வத்திராயிருப்புக்காரிகளுக்கு விரலு மெலிசு, மூடி அழகா வரும். நாங்க பெட்டி போடுதோம். மூடி ஒரு ஊரு, பெட்டி ஒரு ஊரு. வெரசா முடியும்."

சந்தனம் உடனே சரி என்றாள். எல்லோரும் சரி என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு ஊரும் சேர்ந்து ஒரு பொருள் — இதற்குத்தானே சங்கம்!

"வாய் என்ன அளவு?" என்றாள் சந்தனம். "ஒரு சாண்" என்றாள் சண்முகத்தாய். ஒரு சாண், ஒரு சாண் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

செப்டம்பர் 18, திங்கள்

ஐயோ.

இரண்டு ஊர்ச் சரக்கும் இன்று ஒன்றாக வந்து இறங்கியது. மதியம் வரை ஒரே சிரிப்பும் பாட்டும். பிறகு மூடி போட ஆரம்பித்தார்கள். முதல் மூடி பெட்டிக்குள் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். அடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்ததும். சிரிப்பு நின்றுபோயிற்று.

ஒவ்வொரு ஊரிலும் வழக்கப்படி மூத்தவள் கையைச் சாண் பிடித்து, அந்த நீளத்துக்கு ஓலை ஈர்க்கை ஒடித்து, அந்த ஈர்க்கை எல்லா வீட்டுக்கும் அளவாகக் கொடுத்திருக்கிறார்கள். வன்னியம்பட்டிக்கு அளவு சண்முகத்தாய் சாண். வத்திராயிருப்புக்கு அளவு சந்தனம் சாண். சந்தனம் நின்றாலே சண்முகத்தாய் தோளுக்குத்தான் வருவாள்!

"ஒரு சாண்னுதான சொன்ன?"

"ஒரு சாண்தான வச்சிருக்கேன்!"

"உன் சாண் என்னட்டி சாணு, குருவிக்கால் மாதிரி!"

"ஒன்ன யாரு பனமட்ட மாதிரி கை வளக்கச் சொன்னா?"

இரண்டு பேரும் உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து நீட்டிப் பிடித்து நின்றார்கள். சந்தனத்தின் விரல் நுனி சண்முகத்தாயின் விரல் நடுவோடு நின்றுவிட்டது. சண்டை போடவந்த கூட்டம் கிட்டே நெருங்கிவந்து பார்த்தது. இத்தனை காலம் மூடிப்பெட்டி செய்தார்களே, இது எப்படித் தெரியாமல் போயிற்று? ஒருத்தியே இரண்டையும் செய்வாள். தன் பெட்டிக்குத் தன் மூடி. அடுத்தவள் சாண் இவளுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

ஹமீது கயிற்றைப் போட்டுவிட்டு வந்து பார்த்து, சிரிக்கப்போய், என் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் போய்விட்டான்.

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் பார்த்துக்கிடுதேன், நீங்க போங்க என்றேன்.

செப்டம்பர் 20, புதன்

சாயங்கால ரயிலுக்கு மெட்ராஸ் போகிறேன். யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 23, சனி

முடித்துவிட்டேன்! ஆர்டர் கொடுத்த கடை அம்மாள் முதலில் ஆர்டரே வேண்டாம் என்றார். "தப்பு முழுக்க என்னுடையது, அளவை நான்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன், அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை" என்றேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம், இதை வாசிக்கப்போவது நான்தானே. கடைசியில் தீபாவளிக்குப் பதினைந்து நாள் முன்னால் வந்து சேர வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். வந்தவரை சந்தோஷம். வீட்டுக்கு வந்து ஞானபாக்கியத்திடம் சொல்லிச் சோறு கேட்டேன். சோறு போட்டாள். 

செப்டம்பர் 25, திங்கள்

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

எல்லோரையும் வரச்சொல்லி, கவலைப்படாதீங்க, மெட்ராஸ் போயிப் பேசிட்டு வந்துட்டேன், ஆர்டர் நம்ம கையில்தான் இருக்கு என்று சொன்னேன். கைதட்டுவார்கள் என்று நினைத்தேன் போலிருக்கிறது. சண்முகத்தாய் எழுந்தாள்.

"மெட்ராஸ்ல என்ன சொன்னிய?"

"என் தப்புன்னு சொன்னேன்."

"மூடி ஒரு ஊரு, பெட்டி ஒரு ஊருன்னு பிரிச்சது யாரு?"

"அது நீதான் தாயி, இருந்தாலும் —"

"ஒரு சாண்னு சொன்னது யாரு? அளந்தது யாரு? நீங்க பக்கத்துல உக்காந்து தலையாட்டுனிய. தலையாட்டுனதுக்கு உண்டான பங்க எடுத்துக்கோங்க. மிச்சத்தக் கீழ வைங்க."

"உங்களக் காப்பாத்தத்தான..."

"நாங்க என்ன கொள்ளையடிச்சிட்டா வந்தோம், காப்பாத்த? தப்புப் பண்ணிட்டோம். ரயிலேறிப் போயி, தப்பு பண்ணிட்டோம் தாயின்னு நாங்களே சொல்லியிருக்க மாட்டமா? எங்களுக்கு வாயில்லையா? நல்லா வந்தா நாங்க செஞ்சது, கெட்டுப்போனா மொதலாளி செஞ்சதுன்னா, இதுக்குப் பேரு என்னது? எங்க தப்பக்கூட எங்க கையில குடுக்க மாட்டேங்கியளே!"

கத்தவில்லை அவள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

பிறகு, "இதுக்கு முந்தியும் இப்படி எதையாவது சொமந்தியளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். என் பின்கட்டு விஷயம் தெரிந்த ஹமீது வாசலில் நின்று இருமினான். அது சளி இருமல் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

படுபாவி.

செப்டம்பர் 26, செவ்வாய்

ஹமீதிடம் எல்லாம் கேட்டுக்கொண்டு, காலையிலேயே சண்முகத்தாயும் சந்தனமும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் குறுக்கே நின்றேன். ஞானபாக்கியம் என்னைத் தாண்டிப் போய்ப் பின்கட்டைத் திறந்துவிட்டாள்.

சண்முகத்தாய் உள்ளே போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். "இது சந்தனம் கை. இது எங்க மதினி. இது என் கை. இதுவும் என் கை." தன்னுடையதை மட்டும் தனியே வைத்துக்கொண்டு வந்தாள். அது சின்னக் குவியலாக இல்லை. கடைசியில் ஒன்றைத் தரையில் வைத்து விரலால் தட்டினாள். ஆடியது. திரும்பத் தட்டினாள்.

"வந்த அன்னைக்கே சொல்லியிருந்தா அடுத்த வாரமே திருத்தியிருப்பேன். நான் என் பெட்டிக்கு ஊருல நிகரே இல்லன்னுல்லா சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. ஞானபாக்கியம் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் திண்டாடிக்கொண்டு நின்றேன். காபி போடட்டுமா என்று கேட்டேன். எனக்குக் காபி போடத் தெரியாது.

அப்பா எறிந்தார், நான் ஒளித்தேன். இரண்டிலும் அவர்களைக் கேட்கவில்லை. இது இப்போதுதானா எனக்கு உறைக்க வேண்டும்?

அக்டோபர் 13, வெள்ளி

கடைசிக் கட்டும் ரயிலில் ஏறியது. ஒருத்தி பெட்டிக்கு அவளே மூடி. வன்னியம்பட்டி, வத்திராயிருப்பு, இரண்டு ஊரிலும் அடுப்புப் பற்றவைக்க நேரமில்லாமல் ஆண்கள் டீக்கடையில் பன் தின்றார்கள் என்று கேள்வி. உள்ளே விழுந்த மூடிகளைச் சந்தனம் கவிழ்த்துப் பார்த்து, இது தாம்பூலத் தட்டுல்லா என்றாளாம். கொலு வைத்த வீடுகளில் எல்லாம் அதுதான் இந்த வருஷம்.

மெட்ராஸுக்குச் சண்முகத்தாய் தன் கைப்படக் கடிதம் எழுதிப் போட்டிருக்கிறாள், நடந்தது இது என்று. என்னிடம் காட்டவில்லை. ஹமீதிடம் விலாசம் மட்டும் கேட்டாளாம். "மொதலாளி" என்று கூப்பிடுகிறாள். ஆனால் முன்பு போல் இல்லை.

1990 ஜனவரி 21, ஞாயிறு

பொதுக்கூட்டம். மாதா கோயிலில் ஞாயிற்றுப் பூசை முடிந்து நேரே போனேன். சண்முகத்தாய் சங்க விதியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். எழுத்துக்கூட்டாமல், தடங்கல் இல்லாமல் வாசித்தாள். முடைகிறவர்கள்தான் உறுப்பினர். உறுப்பினர்தான் தலைவர். "நாங்க பழகிட்டோம்" என்றாள்.

இனிச் சண்முகத்தாய்தான் தலைவர் என்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் மேலே போயிற்று. சந்தனம் அழுதுகொண்டே தூக்கினாள். நான் தூக்கவா வேண்டாமா என்று யோசித்தேன். பிறகுதான் எனக்கு ஓட்டே கிடையாது என்று நினைவு வந்தது.

விதியை எழுதியது நான். ஒரு எழுத்துப் பிழை கூட இல்லை.

சாவியை அவள் கையில் கொடுத்தேன். "கோவிச்சுக்கிட்டியளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கிட்டேன்னு சொல்லுங்க. அதையும் ஒளிக்காதீய."

கோவிச்சுக்கிட்டேன் என்றேன். சரி என்றாள்.

ஜனவரி 22, திங்கள்

பழக்கத்தில் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டேன். வில்லிபுத்தூர் பஸ் கிளம்பிப் போகும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 14, புதன்

ஞானபாக்கியம் என்னை வைத்துக்கொண்டு படும் பாடு. உளுந்து ஊறப்போட்டால் ஏன் ஊறப்போட்டாய் என்று கேட்கிறேனாம். பக்கத்து வீட்டுக் கோழியை எண்ணுகிறேனாம். "இவியள யாராவது தலைவராப் போட்டுத் தொலைங்களேன்" என்று எதிர்வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

ஹமீது வந்தான். இருமியதற்காக மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தேன். கேட்கவில்லை. அல்வா வாங்கி வந்திருந்தான். சங்கத்தில் என்ன நடக்கிறது என்று நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். திரும்பி வரும் பெட்டியை இப்போது நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்களாம். யார் செய்தது, எங்கே பிசகியது என்று. முதல் வாரம் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்களாம். அடுத்த வாரம் வந்துவிட்டார்களாம்.

"அந்தப் போர்டு?"

"இருக்கு. தூசி தட்டி வச்சிருக்காளுவ."

நன்றாக நடக்கிறது. நான் இல்லாமல் நன்றாக நடக்கிறது. இதற்குத்தானே ஆசைப்பட்டாய், பாண்டி? அப்புறம் ஏன் இந்த வயிற்றெரிச்சல்? அவர்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும். பிடித்த மனிதர்களைப் பார்க்க இனி என்ன சாக்குச் சொல்லிப் போவது?

ஏப்ரல் 8, குருத்தோலை ஞாயிறு

கோயிலில் ஆளுக்கொரு குருத்தோலை கொடுத்தார்கள். பிரசங்கம் நீண்டது. சிலுவை மடிக்கத்தான் ஆரம்பித்தேன். மடித்து, அவிழ்த்து, கிழித்து, ஒன்றின் மேல் ஒன்று கோத்து, நிமிர்ந்தால் கையில் ஒரு சின்ன அடிப்பாகம். பெட்டியின் அடி! முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. ஞானபாக்கியம் தொடையில் கிள்ளினாள்.

வெளியே வந்ததும் கேட்டாள்: "என்ன அது?"

"விதியில, முடையறவங்க உறுப்பினர்னுதான போட்டிருக்கு. பொம்பளைன்னு போடல."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அந்தத் தெருவிலேயே நின்று சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

மே 17, வியாழன்

வத்திராயிருப்பு. சந்தனம் வீடு. ஆண்கள் மரம் ஏறுவார்கள், ஓலை வெட்டுவார்கள். முடைகிற ஆணை இங்கே யாரும் பார்த்ததில்லை. வேலி நெடுகத் தலைகள். சந்தனத்தின் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கச் சங்கடப்பட்டுத் தோப்புப் பக்கம் போய்விட்டார். சந்தனம் சொல்லிக்கொடுக்கிறாளோ இல்லையோ, சிரிக்கிறாள். "மொதலாளி, ஓலைய அப்படி முறைக்காதிய. அது ஒங்கள என்ன செஞ்சுச்சு?"

விரலெல்லாம் வெட்டு. ஓலை காய்ந்தால் ஒடிகிறது, ரொம்ப நனைத்தால் தொளதொளக்கிறது. கோபம் வந்தால் இழுக்கிறேன், இழுத்தால் வாய் கோணுகிறது. இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பெட்டி முடைய?

ஆகஸ்ட் 6, திங்கள்

சங்கத்துக்குப் போனேன். ஜனவரிக்குப் பிறகு இன்றுதான். புதிதாகச் சேருகிறவர்கள் தங்கள் கையால் செய்த மூடிப்பெட்டி ஒன்று காட்ட வேண்டும் என்று இப்போது வைத்திருக்கிறார்கள். வரிசையில் நின்றேன். எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். வேண்டாம், நிற்கிறேன் என்றேன்.

சண்முகத்தாய் பெட்டியை வாங்கி, கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.  முன்பென்றால் இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அருமையாக இருக்கிறது தாயி, வச்சிட்டுப் போ.

"வாய் கோணல்" என்றாள். "மூடி இறுக்கம். விளிம்பு நாரு ரெண்டு எடத்துல வுட்டுப்போச்சு. அடி பரவால்ல, ஒக்காருது. கொண்டுபோயிப் பிரிச்சு மறுபடி போட்டுட்டு வாங்க."

பஸ்ஸில் வரும்போது முகமெல்லாம் சுட்டது. அவமானம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதி வழி தாண்டும்போது பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நார் இரண்டு இடத்தில் விட்டுத்தான் போயிருந்தது. மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறாள். இவ்வளவு கவனமாக என் காரியத்தை யாரும் பார்த்ததில்லை.

ஞானபாக்கியம் உப்புப் போட வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். தரமாட்டேன் என்றேன். பிரிக்க வேண்டும்.

நவம்பர் 12, திங்கள்

மறுபடியும் திரும்பி வந்தது. இந்தத் தடவை மூடி தொளதொள. இடையில் ஒரு சொல் மாறியிருக்கிறது, வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்: "அண்ணாச்சி, அடுத்த தடவ ஓலைய நெழல்ல காயப்போடுங்க."

1991 மார்ச் 11, திங்கள்

சரக்கு இறக்கும் வரிசை. வெயில் இப்போதே சுடுகிறது. எனக்கு முன்னால் வன்னியம்பட்டிப் பெண்கள் ஒரு வரிசை, பின்னால் சந்தனமும் அவள் ஊர்க்காரிகளும். இந்தத் தடவை யாரும் வழிவிடவில்லை. ஒருத்தி முழங்கையால் தள்ளிக்கூட விட்டாள்.

என் முறை வந்தது. சண்முகத்தாய் ஆளை நிமிர்ந்து பார்ப்பதில்லை, பெட்டியை மட்டும்தான் பார்க்கிறாள். மூடியைப் போட்டாள், எடுத்தாள். கவிழ்த்தாள். விளிம்பில் விரலை ஓட்டினாள். தரையில் வைத்துத் தட்டினாள். எனக்கு அவ்வளவு பயம். கல்யாணத்தன்று கூட இப்படி இல்லை, ஞானபாக்கியம் இதை வாசிக்காமல் இருக்கட்டும்.

அவள் அப்படியே கையைப் பின்னால் வீசி, மெட்ராஸ் போகிற சரக்குக் குவியலில் பெட்டியைப் போட்டாள்.

"அண்ணாச்சி, செத்த தள்ளி நில்லுங்க. பின்னால ஆளு நிக்குதுல்ல."

தள்ளி நின்றேன். ஹமீது கயிற்றுக் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னலே ஆச்சு?" என்றான். "எடுத்துக்கிட்டா" என்றேன்.  "உன்னோடது எது, காட்டு பாப்போம்" என்று வந்து நின்றான்.

குவியலைப் பார்த்தேன். எல்லாம் ஒரே ஓலை, ஒரே மூடி, ஒரே வாய். குனிந்து ஒன்றிரண்டை எடுத்துப் புரட்டினேன். இதுவாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. அதுவோ என்று பார்த்தேன், தெரியவில்லை.

சாயங்காலம் வண்டி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போயிற்று.